'டிரைவ் போச்சு' என்கிற சஸ்பென்ஸ் கணக்கு

"டிரைவ் போச்சு சார். மாத்திடலாம்."

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைகளில் அதிகம் சொல்லப்பட்ட வசனம் எது என்று ஒரு போட்டி வைத்தால், "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்பதற்கு அடுத்த பரிசு இதற்குத்தான் கிடைக்கும். வாடிக்கையாளர் கொண்டுவந்த சிடியை உள்ளே தள்ளுகிறார்கள். டிரைவ் இரண்டு தடவை உறுமுகிறது. திரையில் ஒன்றும் வரவில்லை. உடனே தீர்ப்பு! மொத்த விசாரணையும் முப்பது விநாடியில் முடிந்துவிட்டது. அதில் பாதி நேரம் டிரைவின் தட்டு வெளியே வந்து உள்ளே போகவே சரியாக இருந்திருக்கும்.

இந்தத் தீர்ப்பு பல சமயம் தப்பு என்பது ஒரு பக்கம். அது சரியாகவே இருந்தாலும் தீர்ப்புச் சொன்னவருக்கு அது சரி என்று தெரியாது என்பதுதான் பெரிய கொடுமை. சோதிக்காமல் சொன்னது பலித்தால் அதற்குப் பெயர் ஜோசியம், ரிப்பேர் அல்ல.

'இந்தக் காலத்தில் சிடி டிரைவைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. 2008ல் ஆப்பிளின் மேக்புக் ஏர் டிரைவ் இல்லாமல் வந்தபோது சிரித்தவர்கள் இருந்தார்கள். இன்று புது லேப்டாப்பில் டிரைவ் இருந்தால்தான் ஆச்சரியம். பதிவு செய்யும் புளூரே தட்டுகளின் தயாரிப்பை சோனி நிறுவனமே 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. 1982ல் பிலிப்ஸோடு சேர்ந்து சிடியைக் கடைக்குக் கொண்டுவந்த அதே சோனி!

ஆனால் கவலைப்படவேண்டிய காரணமே இதில்தான் இருக்கிறது. இன்று யாரும் விளையாட்டுக்காக சிடி போடுவதில்லை. பாட்டு வேண்டும் என்றால் போனில் இருக்கிறது. ஒருவர் பீரோவைத் துழாவி ஒரு தட்டை எடுத்து டிரைவில் போடுகிறார் என்றால், வேறு எங்குமே கிடைக்காத ஒன்று அதில் இருக்கிறது என்று பொருள். அப்பா அம்மாவின் கல்யாண விசிடி. இறந்துபோன பாட்டி கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரிக்கும் இரண்டு நிமிடம். மூடிவிட்ட ஒரு கடையின் பத்து வருடக் கணக்கு. கல்லூரியில் ஒப்படைத்த ப்ராஜெக்ட். அண்ணனின் மூளை ஸ்கேன் படங்கள். இதில் எதையும் மறுபடி வாங்க முடியாது. முப்பது விநாடித் தீர்ப்பால் டிரைவுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. புது டிரைவிலும் தட்டு ஓடவில்லை என்றால் அடுத்த வசனம் தயாராக இருக்கிறது: "அப்ப சிடியும் போச்சு சார்". நஷ்டம் அங்கேதான். அன்று மாலை அந்தத் தட்டு குப்பைக்குப் போகிறது, அல்லது வயலில் காக்கா ஓட்டக் கயிற்றில் தொங்குகிறது.

டேலி ஆகவில்லை என்றால் லெட்ஜரை எரிப்பதா?

பி.காம் முதல் வருடம் படித்தவர்களுக்குத் தெரியும். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் யாரும் லெட்ஜரைக் கொளுத்திவிட்டுப் புது நோட்டு வாங்குவதில்லை. கூட்டல் தப்பா, பதிவு விட்டுப்போனதா, பற்றில் எழுதவேண்டியதை வரவில் எழுதியதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதற்கு நேரமில்லாதபோது வித்தியாசத் தொகையைத் தற்காலிகமாகப் போட்டுவைக்க ஒரு கணக்கு உண்டு. அதன் பெயர் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். பிழை கண்டுபிடிக்கப்படும்வரைதான் அதற்கு ஆயுசு. அதை நிரந்தரக் கணக்காக வைத்துக்கொண்டு புத்தகத்தை மூடுபவரை எந்த ஆடிட்டரும் மதிக்கமாட்டார்.

'டிரைவ் போச்சு' என்பது ரிப்பேர் தொழிலின் சஸ்பென்ஸ் கணக்கு. காரணம் தெரியாத எல்லா வித்தியாசத்தையும் அதில் போட்டு மூடிவிடுகிறார்கள். ஒரே வித்தியாசம், இதற்கான தொகையை வாடிக்கையாளர் செலுத்துகிறார்!

ஒரு தட்டு படிக்கப்படவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியவர்கள் மூன்று பேர். தட்டு, டிரைவ், கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்றால் கேபிள், மின்சாரம், விண்டோஸ் எல்லாம் சேர்த்து. மூன்று பேரில் யார் என்று பிரிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. தட்டை மாற்றிப் போடு, பிறகு கம்ப்யூட்டரை மாற்றிப் போடு. அவ்வளவுதான். இதைச் செய்யாமல் நடுவில் உள்ளவரை மட்டும் தூக்கில் போடுவதைத்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

கொஞ்சம் தொழில்நுட்பம், பயப்பட வேண்டாம். சிடி என்பது 12 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதில் உள்ளிருந்து வெளியே சுருள் சுருளாக ஒரே தடம் ஓடுகிறது. பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு நடுவில் இடைவெளி 1.6 மைக்ரான். ஒரு சின்ன லென்ஸ் வழியாக லேசர் ஒளி இந்தத் தடத்தில் குவிகிறது. திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை டிரைவ் படிக்கிறது.

இதில் கவனிக்கவேண்டிய விஷயங்கள் மூன்று.

முதலாவது, படிப்பது உள் விளிம்பில் தொடங்குகிறது. தட்டில் என்னென்ன இருக்கிறது என்ற பொருளடக்கம் அங்கேதான் இருக்கிறது. அங்கே ஒரு அழுக்குத் திட்டு இருந்தால் மீதிப் பகுதி பளபளவென்று இருந்தாலும் டிரைவ் 'தட்டே இல்லை' என்று கைவிரித்துவிடும்.

இரண்டாவது, பலரும் அடிப்பக்கம்தான் உயிர் என்று நினைக்கிறார்கள். சிடியில் தகவல் இருக்கும் அடுக்கு மேல்பக்கத்தை ஒட்டி, லேபிளுக்கு நேர் கீழே இருக்கிறது. அதற்குப் பாதுகாப்பு மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டுமே. அடிப்பக்கக் கீறலைப் பாலீஷ் செய்யலாம். மேல்பக்கம் பெயர்ந்துவிட்டால் தகவலே பெயர்ந்துவிட்டது. கல்யாண சிடியின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தித் தேதி எழுதிய புண்ணியவான்கள் இதை அறிந்திருக்கவில்லை. டிவிடியில் கதை வேறு. அது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டியது. தகவல் நடுவில் பத்திரமாக இருக்கும்.

மூன்றாவது, சிடிக்கும் டிவிடிக்கும் ஒரே லேசர் அல்ல. சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீளம், டிவிடிக்கு 650. டிவிடி டிரைவின் உள்ளே இரண்டு லேசர்கள் உண்டு. ஒன்று தளர்ந்து மற்றொன்று நன்றாக இருக்க முடியும். ஆக 'டிரைவ் போச்சு' என்று சொல்பவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "எந்தப் பாதி போச்சு?"

முதல் சந்தேகம் தட்டு மேல்தான்

கடைக்காரர் செய்யவேண்டிய முதல் வேலை, மேஜை டிராயரில் நான்கு தட்டுகள் வைத்திருப்பது. கம்பெனியில் அச்சான ஒரு சிடி, எழுதிய ஒரு சிடி, அச்சான ஒரு டிவிடி, எழுதிய ஒரு டிவிடி. நான்கையும் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகுமா? அந்த ஐந்து நிமிடம் சொல்லும் கதையைப் பாருங்கள்.

நான்கும் ஓடினால் டிரைவ் நிரபராதி. குற்றவாளி வாடிக்கையாளரின் தட்டு. சிடி இரண்டும் ஓடாமல் டிவிடி இரண்டும் ஓடினால் சிடி லேசர் பக்கம் கோளாறு. அச்சானவை ஓடி, எழுதியவை மட்டும் திணறினால் லென்ஸில் தூசு அல்லது வயதான லேசர். காரணம், எழுதும் தட்டுகளில் ஒளி திரும்பும் அளவு குறைவு. அழித்து எழுதும் சிடியில் அது இன்னும் மோசம், அச்சான சிடியின் மூன்றில் ஒரு பங்குகூட வராது. நான்குமே ஓடவில்லை என்றால் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போகவேண்டும். அப்போதும் தீர்ப்பு இல்லை, அடுத்த கட்டம்தான்!

தட்டுதான் காரணம் என்றாலும் 'சிடி போச்சு' என்று குப்பையில் போட அவசியமில்லை. லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி, மிருதுவான துணியால் நடுவிலிருந்து வெளி விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கவே கூடாது. ஏனென்றால் தட்டு தன் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டோடு பிறந்தது. இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1960ல் வெளியிட்ட முறைதான் அதற்கு அடிப்படை. தடத்தில் தொடர்ச்சியாகச் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை அழிந்தாலும் அது மீட்டுவிடும். நடுவிலிருந்து வெளியே போகும் கீறல் ஒவ்வொரு சுற்றையும் குறுக்கே கொஞ்சம்தான் வெட்டுகிறது, சமாளித்துவிடும். தடத்தோடு சேர்ந்து ஓடும் வட்டக் கீறல் நீளமாகத் தின்றுவிடும். சட்டைத் துணியால் சுற்றிச் சுற்றித் தேய்ப்பவர்கள் தாங்களே அந்த வட்டக் கீறலைப் போடுகிறார்கள். தின்னர், பெட்ரோல் போட்டுத் துடைப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாலிகார்பனேட்டைக் கெடுக்க அதைவிடச் சிறந்த வழி இல்லை.

இன்னும் சில தட்டுகள் பழுதே ஆகாதவை. எழுதி முடித்தபின் 'ஃபைனலைஸ்' செய்யாமல் விட்ட தட்டு, எழுதிய மெஷினில் ஓடும், வேறு டிரைவில் காலித் தட்டாகத் தெரியும். டிவிடியைக் கொண்டுபோய்ப் பழைய சிடி டிரைவில் போட்டால் ஜென்மத்துக்கும் ஓடாது, பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கும். சிங்கப்பூரிலிருந்து மாமா வாங்கிவந்த பட டிவிடி 3ஆம் மண்டலத்துக்கானதாக இருக்கலாம். இந்தியாவும் இலங்கையும் 5ஆம் மண்டலம். டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும். இந்த மூன்றில் எதற்குமே டிரைவை மாற்றுவது மருந்து அல்ல.

கல்யாண விசிடியின் தனிச் சோகம்

தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் மாட்டிக்கொள்வது விசிடிதான். 'டிவியில போட்டா ஓடுது, கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணா பாதியில நின்னுடுது. அப்ப டிரைவ்தானே கோளாறு?' கேட்பதற்கு மறுக்க முடியாத வாதம் போல இருக்கிறது. ஆனால் தப்பு.

சாதாரண டேட்டா சிடியில் ஒவ்வொரு 2048 பைட்டுக்கும், முன்னே சொன்ன திருத்த ஏற்பாட்டுக்கு மேல் இன்னொரு அடுக்குப் பாதுகாப்பு உண்டு. விசிடியில் படம் இருக்கும் பகுதியில் அந்த இரண்டாவது அடுக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். 2324 பைட் வரும். வீடியோவில் ஒரு புள்ளி போனால் கண்ணுக்குத் தெரியாது என்ற கணக்கு. விசிடி பிளேயர் மோசமான இடம் வந்தால் படத்தைக் கொஞ்சம் கட்டம் கட்டமாகக் காட்டிவிட்டு மேலே போய்விடும். கம்ப்யூட்டரில் காப்பி செய்யும்போது ஒரு இடம் படிக்கவில்லை என்றாலும் விண்டோஸ் முழு ஃபைலையும் கைவிட்டுவிடும். தட்டில் ஒரு துளி கோளாறு, விண்டோஸின் பிடிவாதம், நடுவில் பழி டிரைவுக்கு!

இதற்கு ஐசோபஸ்டர் மாதிரி மென்பொருள்கள் இருக்கின்றன. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிக்கொண்டு மற்றதை எடுத்துவிடும். டேட்டா சிடி என்றால் லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் டிடிரெஸ்க்யூ போதும். படிக்கும் இடங்களை முதலில் எடுத்து வைத்துவிட்டு, கஷ்டமான இடங்களுக்குத் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். டிரைவின் வேகத்தைக் குறைப்பதும் உதவும். 52 மடங்கு வேகத்தில் தட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று அளவில் சுழல்கிறது. கொஞ்சம் வளைந்த, கீறல் விழுந்த தட்டை அந்த வேகத்தில் படிக்கச் சொல்வது, ஓடும் பஸ்ஸிலிருந்து போஸ்டரில் உள்ள பொடி எழுத்தைப் படிக்கச் சொல்வது மாதிரி. நான்கு மடங்குக்கு இறக்கினால் அதே டிரைவ் அதே தட்டைப் படித்துவிட வாய்ப்பு உண்டு.

விண்டோஸ் என்னும் மூன்றாவது ஆள்

இனி கம்ப்யூட்டர். இங்குதான் நல்ல டிரைவ்கள் அதிகம் பலியாயின.

சிடி எழுதும் மென்பொருள் ஒன்றைப் போட்டு, பிறகு எடுத்தபின் டிரைவே மை கம்ப்யூட்டரில் காணாமல் போகும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு கோட் 19 அல்லது கோட் 39 என்று நிற்கும். ரெஜிஸ்ட்ரியில் 'அப்பர்ஃபில்டர்ஸ்', 'லோயர்ஃபில்டர்ஸ்' என்ற இரண்டு பதிவுகள் கெட்டுப்போவது இதற்கு வழக்கமான காரணம். சிடி டிரைவுக்கான பகுதியில் அவற்றை மட்டும் நீக்கி, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். முதலில் ரெஜிஸ்ட்ரியைப் பேக்கப் எடுப்பது கட்டாயம். செலவு பூஜ்யம்.

எக்ஸ்பி காலத்து மெஷின்களில் இன்னொரு வேடிக்கை. டிரைவிலிருந்து தகவல் வருவதில் ஆறு தடவை பிழை சேர்ந்துவிட்டால் விண்டோஸ் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும். டி.எம்.ஏ முறையிலிருந்து கடைசியில் பி.ஐ.ஓ என்ற ஆமை வேக முறைக்குத் தள்ளிவிடும். கீறல் விழுந்த ஒரே ஒரு தட்டு இந்த ஆறு பிழையையும் உண்டாக்கப் போதும். அதன்பின் நல்ல தட்டைப் போட்டாலும் படம் திக்கித் திக்கித்தான் ஓடும். கெட்ட தட்டு போய்விட்டது, நல்ல டிரைவுக்குக் கெட்ட பெயர் நிலைத்துவிட்டது! டிவைஸ் மேனேஜரில் அந்த ஐ.டி.இ சேனலை நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் பழைய வேகம் திரும்பும்.

புது மெஷின்களில் வேறு கூத்து. 2012ல் வந்த விண்டோஸ் 8லிருந்து டிவிடி படம் ஓட்டும் வசதியை மீடியா பிளேயரிலிருந்து மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. எக்ஸ்ப்ளோரரில் தட்டின் ஃபைல்கள் தெரிகின்றன, படம் மட்டும் ஓடவில்லை என்றால் டிரைவ் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். விஎல்சி என்ற இலவச பிளேயரைப் போட்டால் முடிந்தது.

வெளியே செருகும் யூஎஸ்பி டிரைவ் என்றால் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். யூஎஸ்பி 2.0 துளை தருவதாக ஒப்புக்கொண்டது 500 மில்லி ஆம்பியர். தட்டைச் சுழற்றத் தொடங்கும் விநாடியில் அது போதாமல் போகலாம். அதனால்தான் பல டிரைவ்களோடு இரண்டு தலை கேபிள் வந்தது. ஒரு தலையை மட்டும் செருகிவிட்டு, அல்லது ஹப்பில் செருகிவிட்டு, 'சத்தம் வருது, படிக்கல' என்பவர்கள் நேராக மதர்போர்டுத் துளையில் செருகிப் பார்க்க வேண்டும். உள்ளே பொருத்திய டிரைவ் என்றால் கேபிளை ஒருமுறை கழற்றி மாட்ட வேண்டும். நிமிடங்கூட ஆகாத வேலை.

இதெல்லாம் வேண்டாம், ஒரே சோதனை வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. பென்டிரைவிலிருந்து லினக்ஸை நேரடியாக ஓட்டி, அதில் தட்டைத் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் டிரைவும் கேபிளும் நன்றாக இருக்கின்றன, கோளாறு விண்டோஸில்.

டிரைவும் சாகும்தான்

டிரைவ் சாகவே சாகாது என்று யாரும் சொல்லவில்லை. மோட்டார் தேயும். லேசர் வருடக்கணக்கில் மங்கும். ஆனால் மங்கிய லேசருக்கும் அழுக்கு லென்ஸுக்கும் வெளி அறிகுறி ஒன்றேதான். தூசும் சமையல் புகையும் மழைக்கால ஈரமும் உள்ள வீடுகளில் எதை முதலில் சந்தேகிப்பது புத்திசாலித்தனம்?

லேப்டாப்பின் மெல்லிய டிரைவில் லென்ஸ் தட்டோடு சேர்ந்து வெளியே வரும். மெஷினை அணைத்துவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, மிக மெதுவாகத் தொட்டு எடுத்தால் போதும். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குவது, அழுத்தினால் உண்மையிலேயே 'டிரைவ் போச்சு'. டெஸ்க்டாப் டிரைவில் லென்ஸ் உள்ளே இருக்கும், அதற்குப் பிரஷ் வைத்த கிளீனர் தட்டு கிடைக்கிறது. மூடியைக் கழற்றிவிட்டு மின்சாரத்தோடு ஓட்டிப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

நான்கு தட்டும் போட்டாயிற்று, கேபிள் மாற்றியாயிற்று, லினக்ஸிலும் பார்த்தாயிற்று, லென்ஸும் துடைத்தாயிற்று, இன்னும் படிக்கவில்லை. இப்போது சொல்லலாம், 'டிரைவ் போச்சு'. இது தீர்ப்பு. இதற்குக் காசு வாங்குவது நியாயம்.

கடைக்காரர் தரப்பு

அவர்கள் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது, அதை மறைப்பது அழகல்ல. 'புது டிரைவ் ஆயிரத்துச் சொச்சம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து நோண்டினா கூலி அதைவிட அதிகமாகும். வர்றவங்க நோண்டினதுக்குக் காசு தருவாங்களா? பொருள் மாத்தினாத்தான் தருவாங்க.' இதில் உண்மை இருக்கிறது. உழைப்புக்குப் பணம் தராமல் பொருளுக்கு மட்டும் பணம் தரும் வாடிக்கையாளர்தான் பொருளை மாற்றும் மெக்கானிக்கை உருவாக்குகிறார். இந்தப் பாவத்தில் பாதி வாடிக்கையாளருடையது.

ஆனால் கணக்கு முழுசாகப் போடப்படவில்லை. முதல் கட்டச் சோதனைக்கு வேண்டியது ஒரு மணி நேரம் அல்ல, நான்கு தட்டும் ஐந்து நிமிடமும்தான். அடுத்து, அந்த ஆயிரத்துச் சொச்சம் கோளாறைத் தீர்த்தால்தான் அது செலவு. தட்டோ விண்டோஸோ காரணமாக இருந்தால் அது வெறும் நஷ்டம், கோளாறும் அப்படியே இருக்கும். கழற்றிய நல்ல டிரைவ் மின்கழிவாகப் போவது இன்னொரு நஷ்டம், அது எந்த பில்லிலும் வராது.

பொருளாதாரம் படித்தவர்கள் ஜார்ஜ் அகர்லாஃப் பெயரைக் கேட்டிருப்பார்கள். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் நல்ல சரக்கு எப்படி வெளியேறிவிடுகிறது என்று 1970ல் பழைய கார்களை வைத்து விளக்கினார். 2001ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ரிப்பேர் இன்னும் ஒரு படி மேலே. மைக்கேல் டார்பி, எடி கார்னி இருவரும் 1973ல் சுட்டிக்காட்டியது போல, வேலை முடிந்த பிறகும் அந்த வேலை தேவைதானா என்று வாங்கியவருக்குத் தெரியாத சேவைகள் உண்டு. பழைய பார்ட்டைக் கழற்றி வைத்துக்கொண்டார்கள், புதியது ஓடுகிறது, பழையது நிஜமாகவே கெட்டதா? யாருக்குத் தெரியும்! இப்படிப்பட்ட சந்தையில் ஐந்து நிமிடம் சோதித்துப் பார்க்கும் நேர்மையான மெக்கானிக் சம்பாதிப்பது குறைவு, முப்பது விநாடியில் தீர்ப்புச் சொல்பவர் சம்பாதிப்பது அதிகம். கொஞ்ச நாளில் நேர்மையானவரும் முப்பது விநாடிக்கு வந்துவிடுவார். அவர் கெட்டவர் என்பதால் அல்ல, வாடிக்கையாளர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதால்.

2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருள், சேவை பற்றித் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்கிறது. 2020 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. டிவிடி டிரைவுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை, சரி. மூன்று கேள்வி கேட்கலாமே? "அண்ணே, வேற சிடி போட்டுப் பாத்தீங்களா? இந்த சிடிய வேற மெஷின்ல போட்டுப் பாத்தீங்களா? பழைய டிரைவைக் கையில குடுத்துடுவீங்களா?" இந்த மூன்றுக்கும் 'ஆமாம்' என்று சொல்லும் கடைக்காரருக்கு, எதையும் மாற்றாவிட்டாலும் சோதித்ததற்காக நூறு ரூபாய் தரவேண்டும். அதைத் தராதவருக்கு முப்பது விநாடித் தீர்ப்பைப் பற்றிக் குறை சொல்லும் தகுதி கிடையாது.

கடைசியாக ஒன்று. தட்டுகளுக்கு வயதாகிறது. எழுதும் சிடியில் தகவல் இருப்பது ஒரு சாயத்தில், அது வெளிச்சத்திலும் வெப்பத்திலும் மங்கும். படிக்கும் டிரைவ்களோ வருடா வருடம் குறைந்துகொண்டே வருகின்றன. இன்று நான்காவது முயற்சியில் படிக்கும் தட்டு ஐந்து வருடம் கழித்துப் படிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. எனவே பீரோவில் உள்ள தட்டுகளை இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துத் துடைத்து, ஓடுகிற ஏதோ ஒரு டிரைவில் போட்டு, இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வைத்துவிடுவது நல்லது. ஓடாத தட்டை மட்டும் தனியாக ஒரு கவரில் போட்டு, 'இன்னும் பார்க்கவில்லை' என்று எழுதி வைக்கவும். 'போச்சு' என்று எழுதிவிட வேண்டாம்.